வழிப்போக்கர் மண்டபம் மீண்ட கதை



உலகில் எத்தனையோ தலைநகரங்கள் உள்ளன. சில, அரசர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சில, ஆற்றின் பெயராலும் நிலத்தின் பெயராலும் வழங்குகின்றன. நம் கோலாலம்பூரின் பெயரும் சேறு கலந்த ஆறுகள் கூடும் இடத்தைக் குறிப்பதுதான். ஆனால், நடந்து களைத்த வழிப்போக்கன் ஓர் இரவு படுத்தெழுந்து போவதற்காகக் கட்டிய மண்டபத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட தலைநகரம் ஒன்று உண்டு. அதுதான் நேபாள நாட்டின் காட்மாண்டு. அந்த மண்டபம் எப்படி எழுந்தது, எப்படி விழுந்தது, மீண்டும் எவ்வாறு நிமிர்ந்தது என்பதைத்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

நேபாளம் நமக்கு முற்றிலும் அந்நியமான நாடன்று. நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நேபாளத் தொழிலாளர்களையும், வீடமைப்புப் பகுதிகளின் வாசலில் இரவு பகலாகக் காவல் நிற்பவர்களையும் நாம் பார்க்கிறோம். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாம். அவர்களும் பிழைப்புக்காக மலை கடந்து வந்தவர்களே. அவர்கள் ஊர்க் கதையைக் கேட்பது நமக்கு நன்மைதான்.

முன்னாளில் இந்தியச் சமவெளியிலிருந்து திபெத்துக்குப் போகும் வணிகர்கள், காடும் மலையும் ஏறிக் காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் இறங்குவார்கள். அங்கிருந்து மேலும் வடக்கே பனிமலைக் கணவாய்களைத் தாண்டவேண்டும். திபெத்திலிருந்து உப்பும் ஆட்டு உரோமமும் தெற்கே வந்தன. பள்ளத்தாக்கின் அரிசியும் உலோகப் பாத்திரங்களும் வடக்கே போயின. லாரியும் ரயிலும் இல்லாத காலம். மனிதனின் முதுகும் தலையும்தான் வண்டி. இன்றைக்கும் காட்மாண்டின் பழைய கடைத்தெரு, நகரத்தின் குறுக்கே கோணலாக ஓடுவதைக் காணலாம். அந்தக் கோணல் தெருதான் அந்நாளைய வணிகப் பாதை. அப்பாதையின் தென்மேற்கு முனையில், மாரு என்னும் இடத்தில் நின்றது நம் மண்டபம்.

பள்ளத்தாக்கில் வாழும் நேவார் மக்கள், வழிப்போக்கருக்கு நிழல் தருவதைப் பெரிய அறமாகப் போற்றியவர்கள். தெருமுனையிலும் தண்ணீர்த் துறையிலும் 'பாட்டி' என்ற சிறு தங்குமிடங்களைக் கட்டினார்கள். நம் ஊர்த் திண்ணையைத் தெருவில் தனியாக வைத்து, மேலே கூரை போட்டால் எப்படி இருக்கும்? அதுதான் பாட்டி. அதைவிடப் பெரியதாக, மாடியும் வைத்துக் கட்டினால் அதற்குப் பெயர் 'சத்தல்'. நம் சத்திரம் என்ற சொல்லை அது நினைவூட்டுகிறது அன்றோ? மாருவில் இருந்த பெரிய சத்தலை மக்கள் 'மாரு சத்தல்' என்றே அழைத்தார்கள். அதற்கு இன்னொரு பெயர் காஷ்டமண்டபம். காஷ்டம் என்றால் மரக்கட்டை. மண்டபம் என்ற சொல்லுக்கு நாம் பொருள் சொல்லத் தேவையில்லை. நம் கோயில்களில் நாள்தோறும் புழங்கும் சொல் அது. மரத்தாலான மண்டபம், காஷ்டமண்டபம். அந்தப் பெயரே நாளடைவில் மருவிக் காட்மாண்டு ஆயிற்று.

இத்தகைய வழக்கம் நம் நாட்டிலும் இருந்தது. கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் நடந்து போவோர் இளைப்பாறுவதற்காக மரத்தால் கட்டிய சிறு கொட்டகைகளை 'வாக்காப்' என்பார்கள். கிளந்தானில் வாக்காப் பாரு என்று ஓர் ஊரே இருக்கிறது. வாக்காப் என்றால் பொதுமக்களுக்கென்று அறமாக விடப்பட்டது என்று பொருள். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள்; தலைச்சுமைக்காரன் பிறர் உதவியின்றித் தானே சுமையை இறக்கி வைத்து ஏற்றிக்கொள்ளலாம். மொழியும் மதமும் வேறாக இருந்தாலும், களைத்தவனுக்கு இடம் கொடு என்ற எண்ணம் எங்கும் ஒன்றுதான்.

காஷ்டமண்டபத்தின் அமைப்பைச் சற்றுக் காண்போம். மூன்று நிலைகள். மேலே போகப் போகச் சிறுத்துச் செல்லும் அடுக்குக் கூரை. கீழ்நிலையில் தெருவிலிருந்து தடையின்றி உள்ளே வரக்கூடிய திறந்த கூடம். நடுவில் நான்கு பெரிய மரத்தூண்கள். இந்த நான்கு தூண்களும்தான் கட்டடத்தின் உயிர். மரம் பெரும்பாலும் சால மரம். நம் நாட்டு மெராந்தி மரத்துக்கு அது நெருங்கிய உறவு. ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு கல். கல்லின் நடுவே குழி வெட்டி, தூணின் அடியில் முளைபோல் செதுக்கிய பகுதியை அக்குழியில் இறக்கியிருப்பார்கள். பழைய காலக் கதவுகளில் கீலுக்குப் பதிலாகக் குடுமி இருக்கும். அது கல்லிலோ மரத்திலோ வெட்டிய குழியில் உட்கார்ந்து சுழலும். தாத்தா பாட்டி வீட்டில் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். நிலம் அசைந்தால் தூண் கல்லைவிட்டு வழுக்கி ஓடாது. நில நடுக்கத்துக்குப் பெயர்போன நாட்டில், அந்தத் தச்சர்களும் கல்வேலைக்காரர்களும் கண்ட நுட்பம் இது.

மண்டபத்தைப் பற்றி ஒரு கதையும் உண்டு. ஒரே மரத்தை அறுத்து அந்த மரத்திலேயே மண்டபம் முழுவதையும் கட்டினார்களாம். உச்சியில் கலசம் வைத்துக் குடமுழுக்குப் போன்ற சடங்கை முடிக்கவேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை. உப்பும் எண்ணெயும் ஒரே விலைக்கு வரும் நாளில்தான் அந்தச் சடங்கு என்று முடிவு செய்தார்களாம். அந்த நாள் வரவே இல்லை! அரசனின் பெருமையைப் பாடாமல், அடுப்படிச் செலவைப் பேசுகிறது இந்தக் கதை. ஏழை எளியவர் படுத்துறங்கிய கூடத்துக்குப் பொருத்தமான கதைதானே?

கதை ஒருபுறம் இருக்கட்டும். 1143-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஓர் ஏட்டில் காஷ்டமண்டபத்தின் பெயர் காணப்படுகிறது. ஆகவே, மண்டபம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் நெடுங்காலம் கருதி வந்தார்கள். அது அதைவிடவும் பழைமையானது என்ற உண்மை, மண்டபம் விழுந்த பிறகுதான் தெரியவந்தது.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் நேபாளத்தையும் பீகாரையும் ஒரு பெரும் நில நடுக்கம் உலுக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டனர். காட்மாண்டில் எத்தனையோ கட்டடங்கள் சரிந்தன. காஷ்டமண்டபம் நின்றது. பின்னர் 1960-களில் மண்டபத்தைச் செப்பனிட்டார்கள். தரை புதிதாயிற்று. பார்ப்பதற்கு எல்லாம் அழகாகவே இருந்தது. 1979-இல் காட்மாண்டுப் பள்ளத்தாக்கு உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டபோது, அந்தச் சிறப்பில் காஷ்டமண்டபத்துக்கும் பங்கு கிடைத்தது.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், சனிக்கிழமை. நேரம் நண்பகலை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று காஷ்டமண்டபத்தின் கீழ்க்கூடத்தில் இரத்த தான முகாம் நடந்துகொண்டிருந்தது. முன்பின் அறியாத ஒருவரின் உயிரைக் காப்பதற்காகத் தங்கள் கையை நீட்டிப் படுத்திருந்தார்கள் சிலர். வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த மண்டபம், அன்றும் ஓர் அறத்துக்குத்தான் இடம் கொடுத்திருந்தது. 11.56 மணிக்குப் பூமி அதிர்ந்தது. 7.8 அளவுள்ள நில நடுக்கம். மூன்று நிலை மண்டபம் அப்படியே சரிந்தது. இரத்தம் கொடுக்க வந்தவர்களில் பலர் அந்த இடிபாட்டுக்குள்ளேயே உயிர்விட்டனர். நாடு முழுவதும் அந்தப் பேரிடரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர்.

நேயர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. 1934-இல் நின்ற மண்டபம், 2015-இல் ஏன் விழுந்தது?

இதற்கு விடை தேடித்தான் நேபாளத் தொல்பொருள் துறையினரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இடிபாடு அகற்றப்பட்ட இடத்தில் தோண்டிப் பார்த்தார்கள். 2015-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2016-ஆம் ஆண்டின் இறுதியிலும் அகழாய்வு நடந்தது. முதலில் வெளிப்பட்டது செங்கல்லால் கட்டிய சதுர வடிவமான பெரிய அடித்தளச் சுவர். அந்தச் சுவரின் காலத்தைக் கணக்கிட்டபோது, அது 7-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் சென்றது. எண்ணிப் பாருங்கள்! நம் மகேந்திரவர்ம பல்லவன் மாமண்டூரிலும் பல்லாவரத்திலும் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த காலத்தை ஒட்டி, இமயத்தின் அடிவாரத்தில் இந்த மண்டபத்துக்கு அடித்தளம் போட்டிருக்கிறார்கள். பின்னர் குறுக்குச் சுவர்கள் எழுப்பி, அடித்தளத்தை ஒன்பது கட்டங்களாக வகுத்திருந்தார்கள். கட்டடம் தொடங்கும்போது புனிதமாக வைக்கும் சிறு பொன்தகடுகளும் அங்கே கிடைத்தன. இன்னொரு வியப்பு: இத்தனை பெரிய நடுக்கத்துக்குப் பிறகும் அந்தப் பழைய அடித்தளம் சிதையவில்லை.

அடித்தளம் பழுதில்லை என்றால், பழுது எங்கே? நடுவிலிருந்த நான்கு தூண்களில் மூன்று, தத்தம் கல்லின்மேல் நின்றன. வடகிழக்குத் தூண் மட்டும் தன் கல்லோடு பிணைக்கப்படவில்லை. 1960-களில் நடந்த மராமத்தில் அந்தத் தூணைப் புதுத் தரையின்மேலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். அந்தக் கல் காணாமற் போய்விட்டதா என்றால், அதுதான் இல்லை. தரைக்கு அடியில், தன் இடத்தில், அந்தக் கல் அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தால் கண்டிருக்கலாம். ஏறக்குறைய 50 ஆண்டுகள், கல் தூணுக்காகக் காத்துக் கிடந்தது. தூண் கல்லின்றி நின்றது.

மண்டபம் விழுந்ததற்கு இந்த ஒன்றுமட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. நில நடுக்கத்தின் வேகம், திசை, மரத்தின் வயது, கட்டடத்தின் பாரம் என்று பல இருக்கும். ஆயினும், நான்கு கால் கட்டிலில் ஒரு கால் தரையோடு பொருந்தாமல் இருந்தால் அந்தக் கட்டில் எவ்வளவு நாள் தாங்கும்? நம் வீட்டுக் குழந்தைக்கும் இது விளங்கும். மராமத்து என்ற பெயரில் மேலே அழகு செய்து, அடியைப் பாராமல் விட்டதன் விலை எத்தகையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சரி, விழுந்ததை எப்படிக் கட்டுவது? இங்கேதான் அடுத்த போராட்டம் தொடங்கியது. பேரிடருக்குப் பிறகு ஈராண்டுகள் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. புராதனக் கட்டடங்களைக் குத்தகைக்கு விட்டு, குறைந்த விலை கேட்பவரிடம் ஒப்படைக்கும் முறையைக் கண்டு ஊர்மக்கள் அஞ்சினார்கள். கட்டட வேலையில் கைதேர்ந்த குத்தகையாளராக இருக்கலாம். ஆனால் மண்சாந்தும், மரப்பொருத்தும், சடங்கும் அறியாதவர் கையில் இந்த மண்டபம் என்னவாகும்? காட்மாண்டிலேயே ராணி போக்கரி என்ற 17-ஆம் நூற்றாண்டுக் குளத்தின் நடுவிலுள்ள கோயிலைச் செப்பனிடும்போது சிமெண்டுக் கலவையைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததால்தான் அது நிறுத்தப்பட்டுப் பழைய முறைக்கு மாற்றப்பட்டது. 2020-இல் அந்த வேலை முடிந்தது.

காஷ்டமண்டபத்தின் விஷயத்தில், வட்டார மக்களும் இளைஞர்களும் கைவினைஞர்களும் ஒன்றுகூடி ஓர் இயக்கமாகவே எழுந்தார்கள். எங்கள் மண்டபத்தை நாங்களே கட்டுவோம் என்றார்கள். 2017-இல் அவர்களுக்கும் அரசு தரப்பினருக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பிறகு கருத்து வேற்றுமைகளும் வந்தன. மாநகராட்சி ஒரு குழுவை அமைத்தது. ஊர் கூடித் தேர் இழுத்தால், வடம் பிடிப்பவர்களிடையே சச்சரவும் வரத்தான் செய்யும். ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்கவில்லை. மண்டபம் பழைய முறையிலேயே எழவேண்டும் என்பதுதான் அது. அகழாய்வில் கண்ட பழைய அடித்தளத்தின்மேல், செங்கல்லும் மண்சாந்தும் மரமும் கொண்டு, மரபறிந்த தச்சர்களும் கொத்தனார்களும் வேலை செய்தார்கள். 2022-ஆம் ஆண்டுக்குள் காஷ்டமண்டபம் தன் மூன்று நிலைகளோடும் மீண்டும் எழுந்து நின்றது.

வெளியூர்க்காரரை வைத்துச் சீக்கிரமாகக் கட்டியிருக்கலாமே, இதற்கு ஏன் ஏழாண்டு என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை அந்த மக்களின் பழைய வழக்கத்தில் இருக்கிறது. நேவார் மக்களிடையே 'குத்தி' என்ற அறக்கட்டளை முறை உண்டு. மண்டபம் கட்டியவர், அதோடு ஒரு துண்டு நிலத்தையும் எழுதி வைப்பார். அந்த நிலத்தின் வருமானத்தில் ஆண்டுதோறும் கூரையைச் சரிபார்ப்பார்கள்; விளக்கேற்றுவார்கள்; விழா எடுப்பார்கள். இந்தக் கூரைக்கு இந்தக் குடும்பங்கள் பொறுப்பு என்று வகுத்திருந்தார்கள். கட்டுவது ஒருநாள் புண்ணியம், காப்பது தலைமுறைப் புண்ணியம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 1964-இல் வந்த சட்டத்தால் அறநிலங்கள் பல அரசு நிறுவனம் ஒன்றின் பொறுப்புக்குப் போயின. நிலம் போனதும் பல இடங்களில் பராமரிப்பும் தளர்ந்தது. ஆனாலும் உரிமை உணர்ச்சி சாகவில்லை. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் குத்தி முறையை மாற்றும் மசோதா ஒன்று வந்தபோது, காட்மாண்டுத் தெருக்களில் பல்லாயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். அரசாங்கம் அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அன்பு நேயர்களே, இந்தக் கதையை ஏன் தோட்டத்து மக்களாகிய நமக்குச் சொல்ல வேண்டும்?

நம் முன்னோர் இந்த மண்ணில் கோட்டை கட்டவில்லை; கோபுர மாளிகை கட்டவில்லை. பால்வெட்டிச் சேர்த்த காசிலும், சம்பள நாளில் போட்ட வெள்ளியிலும் ஒரு கோயிலைக் கட்டினார்கள். கோயிலுக்கு முன்னால் ஒரு மண்டபம் போட்டார்கள். தமிழ்ப்பள்ளிக்குக் கொட்டகை எழுப்பினார்கள். யார் வந்தாலும் மழைக்கு ஒதுங்கட்டும் என்று தோட்டத்து முச்சந்தியில் பலகை அடித்து வைத்தவர்களும் உண்டு. இவைதாம் நம் காஷ்டமண்டபங்கள். தோட்டங்கள் கைமாறின. பல இடங்களில் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. பலர் பட்டணம் போய்ச் சேர்ந்தோம். இன்றும் நிற்கும் மண்டபங்களை நாம் எப்படிக் காக்கிறோம்?

திருவிழா நெருங்கினால் சாயம் அடிக்கிறோம். புதிதாகத் தரைக்கற்கள் பதிக்கிறோம். படம் எடுத்து மகிழ்கிறோம். நல்லதுதான். ஆனால் தூணின் அடியைத் தட்டிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? கரையான் அரித்த மரத்துக்குப் புதுச் சாயம் பூசினால் கரையானுக்குத்தான் நிழல். மண்டபத்துக்கு அடித்தளம் எங்கே, எந்த மரத்தால் கட்டினார்கள், எந்த ஆண்டு, யார் யார் கைகொடுத்தார்கள் என்று கேட்டால், பதில் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அந்தப் பதில்களும் அடித்தளக் கற்களே. தரைக்கு அடியில் கிடந்த அந்த நான்காவது கல்லைப்போல, நம் வீட்டு மூலையில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, யாராவது கேட்பார்களா என்று அவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆகவே, இந்த வாரம் ஒரு சிறு வேலை செய்வோம். மாணவச் செல்வங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளட்டும். தாத்தாவிடமோ பாட்டியிடமோ சென்று, நம் கோயில் மண்டபத்தை அல்லது பழைய பள்ளியை யார் கட்டினார்கள், எதைக்கொண்டு கட்டினார்கள் என்று கேட்டு எழுதட்டும். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்கள், அடுத்த மராமத்துக்கு முன்னால் ஒரு நல்ல தச்சரையும் கொத்தனாரையும் அழைத்து, தூண்களின் அடியைப் பார்க்கச் சொல்லட்டும். செலவுக் கணக்கில் சாயத்துக்கு ஒதுக்குவதற்கு முன் தூணுக்கு ஒதுக்கட்டும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று யாராவது சொன்னால், அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்வோம் என்று பணிவோடு சொல்வோம்.

காட்மாண்டு மக்களுக்கு அந்தக் கல் கிடைத்தது, மண்டபம் விழுந்து பல உயிர்கள் போன பிறகுதான். அடுத்த முறை வீட்டு வாசலில் காவல் நிற்கும் நேபாளத் தம்பியைப் பார்த்தால், காஷ்டமண்டபம் எப்படி இருக்கிறது தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மலரும். அவரும் ஒரு வழிப்போக்கர்தானே. நாமும் அப்படித்தானே இந்த மண்ணுக்கு வந்தோம்.